இன்னொரு முறை கேட்டால் என்ன ஆகும்? வெப் மெத்தட்களும் பக்கத்து முகவரித் தேடலும்

வெப் நிரல் எழுதக் கற்கிறவர்கள் தொடக்கத்திலேயே கெட், போஸ்ட், புட், டெலீட் என்று மெத்தட்களின், அதாவது சர்வரிடம் என்ன கேட்கிறோம் என்று குறிக்கும் சொற்களின், ஒரு பட்டியலைச் சந்திக்கிறார்கள். நெட்வொர்க் படிக்கிறவர்களுக்கு, பக்கத்துக் கணினியின் முகவரியைத் தேடும் ஏஆர்பி, நெய்பர் டிஸ்கவரி என்று வேறொரு பட்டியல் வருகிறது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மேசையில் வைத்துப் படிப்பது அபூர்வம். ஆனால் பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டி என்டர் அழுத்தினால், ஒரு நொடிக்குள் இரண்டுமே நடந்து முடிந்துவிடுகின்றன. அடியில் இரண்டுக்கும் ஒரே சிக்கல்தான் இருக்கிறது.

அந்தச் சிக்கல் இதுதான். ஒரு கணினி இன்னொன்றிடம் ஏதோ கேட்கிறது, பதில் வரவில்லை. கேள்வி வழியில் தொலைந்ததா, கேள்வி போய்ச் சேர்ந்து பதில் தொலைந்ததா, எதிர்முனை அணைந்தே கிடக்கிறதா என்று கேட்டவருக்குத் தெரிய வழியில்லை. அவர் கையில் இருக்கும் ஒரே வழி மறுபடி கேட்பது. அப்படிக் கேட்டால் ஆபத்து உண்டா இல்லையா என்பதைச் சுற்றித்தான் இந்த இரண்டு பாடங்களிலும் பாதிக்கு மேற்பட்ட விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. மெத்தட்களை "எடு, போடு, மாற்று, அழி" என்று மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கேள்வியை வைத்துக் கற்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. மனப்பாடம் செய்த பட்டியல் பிழை தேடும்போது கைகொடுப்பதில்லை.

முதலில் நடப்பதை முதலில் பார்ப்போம். கோரிக்கை கணினியை விட்டு வெளியே போகும் முன்பே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது: போக வேண்டிய முகவரி என் நெட்வொர்க்கிலேயே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உங்கள் கணினியின் முகவரி 192.168.1.20, மாஸ்க் (முகவரியில் நெட்வொர்க்கைக் குறிக்கும் பகுதியின் நீளம்) 24 பிட் என்று வைத்துக்கொள்வோம். 192.168.1.35 என்றால் முதல் 24 பிட்களும் ஒத்துப்போகின்றன, ஆகவே அது பக்கத்தில் இருப்பது, நேராக அனுப்பலாம். 203.0.113.10 என்றால் ஒத்துப்போகவில்லை, கேட்வே எனப்படும் ரவுட்டரிடம் கொடுக்க வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் அடுத்து தேவைப்படுவது ஒரு மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டுக்கு உரிய முகவரி. ஈதர்நெட்டுக்கும் வைஃபைக்கும் ஐபி முகவரி புரியாது. அவற்றுக்குத் தெரிந்தது 48 பிட் மேக் முகவரி மட்டுமே.

இங்கே புதிதாகப் படிக்கிறவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். தொலைவில் உள்ள சர்வரின் மேக் முகவரியைக் கண்டுபிடித்து அதற்குத்தான் பாக்கெட் போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மேக் முகவரி உங்கள் கணினிக்கு ஒருபோதும் தெரியவராது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பாக்கெட்டின் உள்ளே இருக்கும் ஐபி முகவரி தொலைவில் உள்ள சர்வருடையது. பாக்கெட்டைச் சுற்றும் வெளி உறையான ஃபிரேமில் எழுதப்படும் மேக் முகவரி ரவுட்டருடையது. ரவுட்டர் அந்த ஃபிரேமைப் பிரித்துவிட்டு, அடுத்த ரவுட்டரின் முகவரி எழுதிய புது ஃபிரேமில் பாக்கெட்டை வைத்து அனுப்புகிறது. ஒவ்வொரு தாவலிலும் வெளி முகவரி மாறும், உள் முகவரி அப்படியே இருக்கும். இடையில் நாட் (ஐபி முகவரியை மாற்றி எழுதும் ஏற்பாடு) வேலை செய்தால் மட்டும் உள்ளேயும் மாற்றம் வரும். இந்த ஒரு விஷயம் தெளிவாகிவிட்டால் நெட்வொர்க் பாடத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, ரவுட்டரின் ஐபி தெரியும், மேக் தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது? ஐபி பதிப்பு 4-க்கான விடை 1982 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 826 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசை). எழுதியவர் டேவிட் பிளம்மர். அதன் ஏஆர்பி நெறிமுறை மிக எளிமையானது. "192.168.1.1 யாரிடம் இருக்கிறது? 192.168.1.20-க்குச் சொல்லுங்கள்" என்று அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லாருக்கும் பிராட்காஸ்ட் போகிறது. அந்த முகவரி யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் தன் மேக் முகவரியைக் கேட்டவருக்கு நேராகத் திருப்பி அனுப்புகிறார். மொத்தச் செய்தி 28 பைட். கேள்விக்கு எண் 1, பதிலுக்கு எண் 2. வந்த பதிலைக் கணினி ஒரு அட்டவணையில் எழுதிவைத்துக்கொள்கிறது. அடுத்தடுத்த பாக்கெட்டுகளுக்கு மறுபடி கேட்க வேண்டியதில்லை. பிங் செய்யும்போது, அதாவது ஒரு கணினி பதில் தருகிறதா என்று சோதிக்கும்போது, முதல் பதில் மட்டும் சற்றுத் தாமதமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெரும்பாலும் இந்தத் தேடல்தான் காரணம்.

பதில் வராவிட்டால்? லினக்ஸ் ஒரு நொடி காத்திருந்து மறுபடி கேட்கும். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் கைவிட்டுவிட்டு, "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று சொல்லும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பக்கத்துக் கணினியை பிங் செய்கையில் இந்தச் செய்தி உங்கள் சொந்த ஐபி முகவரியிலிருந்தே வந்தால், ஏஆர்பி கேள்விக்கே யாரும் பதில் தரவில்லை என்று பொருள். கேபிள், ஸ்விட்ச், விலேன் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), அணைந்துபோன கணினி என்று கீழ் அடுக்கில் தேடுங்கள். மாறாக எந்தச் செய்தியும் இல்லாமல் வெறும் அமைதியாக நேரம் கடந்தால், அட்டவணையைத் திறந்து பாருங்கள். மேக் முகவரி பதிவாகியிருந்தால் எதிர்முனை உயிரோடு இருக்கிறது, அதன் ஃபயர்வால் பிங்கைத் தடுக்கிறது என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். ஃபயர்வால் பொதுவாக ஏஆர்பியைத் தடுப்பதில்லை. அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தக்கூடிய வேறுபாடு இது. பாடப்புத்தகங்கள் இதற்கு இரண்டு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

ஏஆர்பி கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் தீங்கில்லை. யாருடைய நிலையும் கெடுவதில்லை, கொஞ்சம் சத்தம் கூடும், அவ்வளவுதான். ஆபத்து பதிலில் இருக்கிறது. ஆர்எஃப்சி 826 சொல்லும் நடைமுறைப்படி, ஒரு ஏஆர்பி செய்தியைப் பெறுகிறவர் அது கேள்வியா பதிலா என்று பார்ப்பதற்கு முன்பே, அனுப்பியவரின் ஐபி தன் அட்டவணையில் ஏற்கெனவே இருந்தால் அதன் மேக் முகவரியைப் புதுப்பித்துக்கொள்கிறார். கேட்காமல் வந்த செய்தியும் ஏற்கப்படும். அனுப்பியவர் உண்மையைத்தான் சொல்கிறாரா என்று சரிபார்க்க எதுவுமே இல்லை. 1982-ல் ஒரு நெட்வொர்க்கில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், அதனால் இது பெரிதாகத் தெரியவில்லை. இன்று அதே இடைவெளியைப் பயன்படுத்தி, "நான்தான் ரவுட்டர்" என்று பொய் பதில் அனுப்பி, எல்லாருடைய போக்குவரத்தையும் தன் வழியாகத் திருப்ப ஒருவரால் முடியும். ஏஆர்பி ஸ்பூஃபிங் என்பது அதுதான். அலுவலகங்களில் உள்ள நல்ல ஸ்விட்ச்கள், எந்த போர்ட்டுக்கு எந்த ஐபி கொடுக்கப்பட்டது என்ற டிஎச்சிபி (தானாக ஐபி வழங்கும் நெறிமுறை) பதிவை வைத்துக்கொண்டு பொய் பதில்களைத் தடுக்கின்றன. அதே "கேட்காமல் சொல்லும்" வசதிக்கு நல்ல பயனும் உண்டு. ஒரு சர்வர் விழுந்து மாற்று சர்வர் அதே ஐபியை எடுத்துக்கொள்ளும்போது, கேட்காமலே ஒரு ஏஆர்பி அறிவிப்பை அனுப்பி எல்லாருடைய அட்டவணையையும் சில மில்லிநொடிகளில் திருத்திவிடும்.

ஐபி பதிப்பு 6 வந்தபோது இந்த வேலையை அடியோடு திருத்தி எழுதினார்கள். அதற்குத்தான் நெய்பர் டிஸ்கவரி என்று பெயர். 1996-ல் முதல் வடிவம், 1998-ல் திருத்தம், இன்று நாம் பின்பற்றும் ஆர்எஃப்சி 4861 வெளியானது 2007-ல். ஏஆர்பி தனி நெறிமுறை. இதுவோ ஐசிஎம்பி பதிப்பு 6 என்ற கட்டுப்பாட்டுச் செய்தி நெறிமுறைக்குள்ளேயே ஐந்து செய்திகளாக இருக்கிறது. 133 என்பது "ரவுட்டர் யாராவது இருக்கிறீர்களா?", 134 அதற்கு ரவுட்டரின் அறிவிப்பு. 135 "இந்த முகவரி யாருடையது?", 136 அதற்குப் பதில். 137 "இந்த வழி வேண்டாம், அந்த வழியில் போ" என்ற திசைதிருப்பல். முகவரி தேடுவது, ரவுட்டரைக் கண்டுபிடிப்பது, தன் முகவரியை இன்னொருவர் வைத்திருக்கிறாரா என்று சோதிப்பது என எல்லாமே இந்த ஐந்தில் அடங்கிவிடுகிறது.

பதிப்பு 6-ல் பிராட்காஸ்ட் கிடையாது. ஒரு கணினி தன் முகவரியின் கடைசி 24 பிட்களை ஒரு குறிப்பிட்ட மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கு மட்டும் அனுப்புவது) முன்னொட்டோடு சேர்த்து, அந்தக் குழுவில் தானாகவே சேர்ந்துகொள்கிறது. தேடுகிறவருக்கும் எந்த முகவரியைத் தேடுகிறோம் என்று தெரியும், அதனால் எந்தக் குழுவுக்குக் கேள்வி அனுப்ப வேண்டும் என்று அவரே கணக்கிட்டுக்கொள்வார். ஈதர்நெட்டில் இது 33:33 என்று தொடங்கும் மேக் முகவரிக்குப் போகும். கடைசி 24 பிட்கள் ஒன்றாக இருப்பவர்கள் மட்டுமே அந்தக் குழுவில் இருப்பார்கள், பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். மற்ற கணினிகளின் நெட்வொர்க் கார்டே அந்த ஃபிரேமைத் தள்ளிவிடும், பிராசசருக்குத் தொந்தரவு இல்லை. ஏஆர்பியில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு கணினியும் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. நெய்பர் டிஸ்கவரி செய்திகள் எல்லாம் ஹாப் லிமிட் 255 என்று புறப்பட வேண்டும், பெறுகிறவர் 255 இல்லாததை எறிந்துவிட வேண்டும். ஏன்? அந்தப் புலம் 8 பிட், 255-க்கு மேல் போக முடியாது. ஒவ்வொரு ரவுட்டரும் அதிலிருந்து ஒன்றைக் கழிக்கும். ஆகவே 255 ஆகவே வந்து சேர்ந்தது என்றால், அந்தச் செய்தி ஒரு ரவுட்டரையும் கடக்கவில்லை, பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது. ஒரு கடவுச்சொல்லும் ரகசியச் சாவியும் இல்லாமல், வெறும் கழித்தலை வைத்தே உலகின் மறுமூலையிலிருந்து வரும் பொய்களை வடிகட்டிவிடுகிறார்கள். உள்ளே இருந்துகொண்டே பொய் சொல்கிறவரை இது தடுக்காது. அதற்கு, போலி ரவுட்டர் அறிவிப்புகளை ஸ்விட்சிலேயே மறிக்கும் ஆர்ஏ கார்டு போன்ற தனி ஏற்பாடுகள் வேண்டும்.

இனி வருவதுதான் இந்தப் பாடத்தின் சதைப்பகுதி. அட்டவணையில் ஒரு மேக் முகவரி இருக்கிறது என்பதற்காக அந்தக் கணினி இன்னும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆர்எஃப்சி 4861 ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நிலை வைக்கிறது. கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தால் இன்கம்ப்ளீட். அண்மையில் உறுதியாகியிருந்தால் ரீச்சபிள். கொஞ்ச நேரம் ஆகிவிட்டால் ஸ்டேல். ஸ்டேல் பதிவைப் பயன்படுத்தி ஒரு பாக்கெட் போனால் டிலே என்ற நிலைக்கு மாறி 5 நொடி பொறுத்திருக்கும். அதற்குள் உறுதி கிடைக்காவிட்டால் ப்ரோப், அதாவது பழைய முகவரிக்கே நேராகக் கேட்டுப் பார்ப்பது.

ஸ்டேல் என்ற நிலையைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. பதற வேண்டியதில்லை. "இவரோடு பேசி நேரமாகிவிட்டது" என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அந்த மேக் முகவரிக்குத்தான் அடுத்த பாக்கெட்டும் போகும், தாமதம் எதுவும் இருக்காது. ரீச்சபிள் நிலை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கு அடிப்படை அளவு 30 நொடி. ஆனால் ஒவ்வொரு கணினியும் அதை 0.5 முதல் 1.5 வரையிலான ஒரு தற்செயல் எண்ணால் பெருக்கிக்கொள்ளும், ஆக 15 முதல் 45 நொடி வரை. எல்லாக் கணினிகளும் ஒரே கணத்தில் கேட்கத் தொடங்கிவிடாமல் இருக்க இந்தச் சிதறல். லினக்ஸ் இதே நிலைகளை ஏஆர்பி பதிவுகளுக்கும் பயன்படுத்துகிறது. பழைய நெறிமுறைக்கும் புதியதன் அறிவு கிடைத்துவிட்டது.

அந்த 5 நொடி எதற்கு? உடனே கேட்டால் என்ன? மேல் அடுக்கிலிருந்து செய்தி வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். தரவு போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் டிசிபி நெறிமுறையில் இணைப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்து, நாம் அனுப்பிய புதிய தரவுக்கு ஒப்புகை வந்தால், பாக்கெட் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அந்தச் சான்றை டிசிபி கீழே தெரிவிக்கும், பதிவு ரீச்சபிள் ஆகிவிடும், ஒரு கேள்வி மிச்சம். வெப் கோரிக்கை சீராகப் போய்க்கொண்டிருக்கும்வரை, அதுவே பக்கத்து ரவுட்டர் உயிரோடு இருப்பதை நிரூபித்துக்கொண்டிருக்கிறது. பாடப்புத்தகப் படங்களில் அடுக்குகள் தனித்தனியாகத் தெரிந்தாலும் நடைமுறையில் அவை இப்படி ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன.

நெய்பர் டிஸ்கவரிக்கு ஒரு பலவீனமும் உண்டு. பதிப்பு 6-ல் ஒரு சாதாரண நெட்வொர்க்கிலேயே 2-ன் 64-ஆம் அடுக்கு முகவரிகள் இருக்க முடியும். வெளியிலிருந்து ஒருவர் அதில் இல்லாத முகவரிகளுக்கு வரிசையாகப் பாக்கெட் அனுப்பினால், ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் "யார் இது?" என்று கேட்டு, இன்கம்ப்ளீட் பதிவாக எழுதிவைத்து, அட்டவணை நிரம்பித் திணறும். 2012-ல் வந்த ஆர்எஃப்சி 6583 இதைத்தான் பேசுகிறது. லினக்ஸில் இந்த அட்டவணையின் இயல்பான உச்சவரம்பு 1024 பதிவுகள். கணினிகள் மிகுந்த ஒரே நெட்வொர்க்கிலும், நிறையக் கன்டெய்னர்கள் ஓடும் சர்வரிலும் அட்டவணை நிரம்பிவிட்டது என்ற செய்தி கெர்னல் பதிவில் வந்தால், அந்த வரம்பை உயர்த்த வேண்டும் என்று புரிந்துகொள்ளலாம்.

ஸ்விட்ச்களும் ரவுட்டர்களும் தங்கள் பெயரையும் போர்ட்டையும் பக்கத்துச் சாதனத்துக்கு அறிவிக்கும் எல்எல்டிபி என்ற நெறிமுறையையும் சிலர் நெய்பர் டிஸ்கவரி என்றே அழைக்கிறார்கள். அது எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று நிர்வாகிக்குக் காட்டும் வேறு வேலை. பாக்கெட் போக அது தேவையில்லை.

இப்போது மேலே வருவோம். முகவரி கிடைத்தது, டிசிபி இணைப்பு ஏற்பட்டது, குறியாக்கமும் தயார். கோரிக்கையின் முதல் சொல்லே மெத்தட். 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய, ஹெச்டிடிபி என்ற வெப் நெறிமுறையின் முதல் வடிவத்தில் கெட் தவிர வேறு மெத்தட்டே இல்லை. ஒரு வரியில் கேள்வி, ஹெச்டிஎம்எல் ஆகப் பதில், இணைப்பு துண்டிப்பு, முடிந்தது. 1996-ல் ஆர்எஃப்சி 1945 வந்தபோது ஹெட்டும் போஸ்ட்டும் முறைப்படி சேர்ந்தன. இன்றைய அடிப்படை ஆவணமான 2022-ன் ஆர்எஃப்சி 9110 எட்டு மெத்தட்களை வரையறுக்கிறது: கெட், ஹெட், போஸ்ட், புட், டெலீட், கனெக்ட், ஆப்ஷன்ஸ், ட்ரேஸ். பேட்ச் 2010-ல் தனி ஆவணமாக வந்தது.

இந்தப் பெயர்களைவிட முக்கியம் அவற்றின் மேல் வரையப்பட்ட இரண்டு கோடுகள். முதல் கோடு "பாதுகாப்பான" மெத்தட்கள்: கெட், ஹெட், ஆப்ஷன்ஸ், ட்ரேஸ். சர்வரில் எதையும் மாற்றும்படி இவற்றின் மூலம் கேட்கவில்லை என்று பொருள். இரண்டாவது கோடு ஐடெம்போடென்ட் மெத்தட்கள்: மேலே சொன்ன நான்கோடு புட்டும் டெலீட்டும். ஒருமுறை செய்தாலும் பத்து முறை செய்தாலும் சர்வரில் ஏற்படும் விளைவு ஒன்றே. "விளக்கை அணை" என்று எத்தனை முறை சொன்னாலும் விளக்கு அணைந்தே இருக்கும். "சுவிட்சைத் தட்டு" என்று இரண்டு முறை சொன்னால் விளக்கு மறுபடி எரியும். புட்டும் டெலீட்டும் முதல் வகை, போஸ்ட் இரண்டாவது வகையாக இருக்கக்கூடியது.

இங்கே விளைவு என்பதும் பதில் என்பதும் வேறு வேறு. டெலீட்டை முதல்முறை அனுப்பினால் 204 (முடிந்தது) வரலாம், இரண்டாம் முறை 404 (அப்படி ஒன்று இல்லை) வரலாம். பதில் மாறிவிட்டதே, இது ஐடெம்போடென்ட் இல்லையே என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொருள் இல்லாமல் போனது என்ற விளைவு இரண்டு முறையும் ஒன்றுதான். நெறிமுறை கேட்பது அதை மட்டுமே.

முக்கியமான இன்னொன்று: இந்தக் கோடுகளைக் கம்பியோ பிரவுசரோ காவல் காப்பதில்லை. கெட் கோரிக்கை வந்ததும் தரவுத்தளத்தில் ஒரு வரியை அழிக்கும்படி நிரல் எழுத எந்தத் தடையும் கிடையாது. மெத்தட் என்பது சர்வர் எழுதுகிறவர் உலகுக்குக் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கை நம்பித்தான் தேடுபொறி ரோபோக்கள் லிங்க்குகளைத் தொடர்கின்றன, பிரவுசர்கள் முன்கூட்டியே பக்கங்களை எடுத்துவைக்கின்றன, இடையில் உள்ள கேஷ்கள் பதில்களைச் சேமிக்கின்றன. 2005 மே மாதம் கூகுள் வெப் ஆக்சலரேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. பயனர் பார்க்கும் பக்கத்தில் உள்ள லிங்க்குகளை அவர் சொடுக்குவதற்கு முன்பே அது எடுத்துவைத்தது. பேக்பேக் உள்ளிட்ட சில வெப் செயலிகளில் "அழி" என்பது ஒரு சாதாரண லிங்க்காக, அதாவது கெட் கோரிக்கையாக எழுதப்பட்டிருந்தது. பயனர் எதையும் தொடாமலேயே அவருடைய பக்கங்கள் அழிந்தன. யார் பக்கம் தவறு என்று அன்று கடுமையான விவாதம் நடந்தது. என்னைப் பொறுத்தவரை நெறிமுறை தெளிவாக இருந்தது: கெட் பாதுகாப்பானது என்று எழுதி வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் இழந்தது பயனர்கள், அதுதான் வருத்தம். இன்று வாட்ஸ்அப் போன்ற அரட்டைச் செயலிகள் லிங்க் முன்னோட்டத்துக்காகவும், மின்னஞ்சல் பாதுகாப்பு மென்பொருள்கள் சோதனைக்காகவும் லிங்க்குகளைத் தாங்களே திறந்து பார்க்கின்றன. "உறுதிசெய்ய இதைச் சொடுக்குங்கள்" என்று மின்னஞ்சலில் அனுப்பும் லிங்க் ஒரே கெட்டில் வேலையை முடித்துவிட்டால், சொடுக்கியது மனிதரா இயந்திரமா என்று தெரியாது. லிங்க் ஒரு பக்கத்தைத் திறக்கட்டும், அந்தப் பக்கத்தில் உள்ள பொத்தான் போஸ்ட் அனுப்பட்டும்.

தொலைந்ததை மறுபடி அனுப்பத்தான் டிசிபி இருக்கிறதே, மேலே யார் மறுபடி கேட்கப் போகிறார்கள் என்று ஒரு நியாயமான சந்தேகம் எழும். டிசிபி ஒரு இணைப்புக்குள் மட்டுமே காப்பாற்றும். இணைப்பே அறுந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அடிக்கடி நிகழ்வது இது: சும்மா கிடந்த இணைப்பைச் சர்வர் மூட முடிவெடுக்கும் அதே கணத்தில் பிரவுசர் அதன் வழியாகப் புதிய கோரிக்கையை அனுப்பிவிடுகிறது. கோரிக்கை செயல்படுத்தப்பட்டதா இல்லையா? தெரியாது. அது கெட் என்றால் பிரவுசர் உங்களிடம் சொல்லாமலே புதிய இணைப்பில் மறுபடி கேட்டுவிடலாம். போஸ்ட் என்றால், விளைவு இரட்டிக்காது என்று வேறு வழியில் தெரிந்தாலொழியத் தானாக மறுபடி அனுப்பக் கூடாது என்கிறது ஆர்எஃப்சி 9110. பக்கத்தைப் புதுப்பிக்கும்போது "ஃபார்மை மறுபடி அனுப்பவா?" என்று பிரவுசர் கேட்பதும் இதனால்தான். ஃபார்மை ஏற்றுக்கொண்ட சர்வர் 303 என்ற பதிலோடு வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், பிரவுசர் அங்கே கெட் ஆகப் போகும். அப்புறம் எத்தனை முறை புதுப்பித்தாலும் இரண்டாவது ஆர்டர் விழாது. 302 வந்தாலும் பிரவுசர்கள் போஸ்ட்டைக் கெட் ஆக மாற்றிவிடும் பழக்கம் பழையது. மாற்றக் கூடாது என்று சொல்லத்தான் 307-ம் 308-ம் வந்தன.

பணம் செலுத்தும் செயலிகளுக்கு இது போதாது. கைபேசி இணைப்பு நடுவில் போய்விட்டால் மறுபடி அனுப்பியே ஆக வேண்டும், ஆனால் இரண்டு முறை பணம் எடுக்கக் கூடாது. இதற்குக் கோரிக்கையை அனுப்புகிறவரே ஒரு தனிப்பட்ட சாவியை உருவாக்கி ஹெடரில் (கோரிக்கையோடு போகும் குறிப்புப் பகுதியில்) வைத்து அனுப்புகிறார். அதே சாவியோடு இரண்டாம் முறை வந்தால் சர்வர் வேலையைச் செய்யாமல் பழைய பதிலையே திருப்பித் தரும். ஐடெம்போடென்ட் இல்லாத போஸ்ட்டுக்கு வெளியிலிருந்து அந்தக் குணத்தை ஒட்டவைக்கும் வழி இது. பணம் சம்பந்தப்பட்ட எந்த ஏபிஐயை எழுதினாலும் முதல் நாளிலேயே இதைச் சேர்த்துவிடுங்கள் என்று கற்கிறவர்களிடம் வற்புறுத்திச் சொல்வேன்.

புட்டுக்கும் போஸ்ட்டுக்கும் என்ன வேறுபாடு என்ற நேர்காணல் கேள்விக்கும் இதே பார்வை விடை தருகிறது. புட்டில் முகவரியைத் தீர்மானிப்பது கேட்பவர்: "இந்த முகவரியில் இருப்பது இனி இதுவாக இருக்கட்டும்." இரண்டு முறை சொன்னாலும் ஒரே பொருள்தான் இருக்கும். போஸ்ட்டில் "இதை வாங்கிக்கொண்டு உன் முறைப்படி செய்" என்கிறோம். புது முகவரியைச் சர்வர் கொடுக்கலாம், இரண்டு முறை சொன்னால் இரண்டு பொருள் உருவாகலாம். பேட்ச் ஒரு பகுதியை மட்டும் மாற்றும். "பெயரை இப்படி வை" என்ற பேட்ச் திரும்ப அனுப்பத் தகுந்தது. "எண்ணிக்கையில் ஒன்று கூட்டு" என்ற பேட்ச் தகாதது. ஆகவே நெறிமுறை அதற்குப் பொதுவான உறுதி எதையும் தரவில்லை. இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் ஒருவருடையது காணாமல் போகும் சிக்கலுக்கு ஈடேக் என்ற பதிப்பு அடையாளம் உதவும். "நான் பார்த்த பதிப்பு இன்னும் மாறாமல் இருந்தால் மட்டும் எழுது" என்று இஃப்-மேட்ச் ஹெடரோடு அனுப்பலாம், மாறியிருந்தால் 412 என்ற மறுப்பு வரும்.

போஸ்ட் ரகசியமானது, கெட் வெளிப்படையானது என்ற பரவலான நம்பிக்கையையும் திருத்த வேண்டும். குறியாக்கம் செய்யும் ஹெச்டிடிபிஎஸ் இருந்தால் கெட்டின் முகவரிப் பாதையும் அளவுருக்களும்கூடக் குறியாக்கத்துக்குள்தான் போகின்றன. ஹெச்டிடிபிஎஸ் இல்லையென்றால் போஸ்ட்டின் உள்ளடக்கமும் வழியில் இருக்கும் எவருக்கும் தெரியும். முன்பு சொன்ன ஏஆர்பி ஸ்பூஃபிங் செய்தவர் அப்படிப்பட்ட ஒருவர். உண்மையான வேறுபாடு இரண்டு முனைகளில் இருக்கிறது: கெட் முகவரி பிரவுசர் வரலாற்றிலும் சர்வர் பதிவுக் கோப்புகளிலும் தங்கிவிடும். அதனால் கடவுச்சொல்லை அங்கே வைக்கக் கூடாது.

ஆப்ஷன்ஸ் மெத்தட்டைப் பெரும்பாலோர் சந்திப்பது ஒரு எரிச்சலான கணத்தில். தன் தளத்திலிருந்து வேறொரு சர்வருக்கு டெலீட் அனுப்பினால், அதற்கு முன் தான் எழுதாத ஒரு ஆப்ஷன்ஸ் கோரிக்கை போய் நிற்கும். வேறு தளத்திலிருந்து இப்படிக் கேட்கலாமா என்று பிரவுசர் சர்வரிடம் அனுமதி கேட்கிறது. சாதாரண கெட்டுக்கும் ஹெட்டுக்கும், ஃபார்ம் போன்ற போஸ்ட்டுக்கும் கேட்பதில்லை. ஹெச்டிஎம்எல் ஃபார்ம்களால் எந்தத் தளத்துக்கும் போஸ்ட் அனுப்ப எப்போதுமே முடிந்திருக்கிறது, ஆகவே புதிதாகத் தடுத்துப் பயனில்லை. அந்த ஓட்டையைக் குக்கி விதிகளால் அடைக்கிறார்கள். சேம்சைட் லேக்ஸ் என்று குறித்த குக்கி, வேறு தளத்திலிருந்து லிங்க்கைச் சொடுக்கி வரும்போது போகும், வேறு தளம் அனுப்பும் போஸ்ட்டோடு போகாது. பாதுகாப்பான மெத்தட் என்ற அந்தப் பழைய கோட்டின் மேல்தான் இந்த விதியும் நிற்கிறது. கெட்டில் அழிக்கும் வேலையை வைத்திருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ஹெட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கெட் போலவே, உடல் இல்லாமல் ஹெடர் மட்டும் வரும். ட்ரேஸைப் பெரும்பாலான சர்வர்களில் அணைத்தே வைத்திருப்பார்கள்.

ஹெச்டிடிபிஎஸ் பயன்படுத்தும் குறியாக்க நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் 2018-ல் வெளியான 1.3 பதிப்பு இதே கேள்வியை இன்னொரு அடுக்கில் எழுப்பியது. முன்பு பேசிய சர்வரோடு மறுபடி பேசும்போது, கைகுலுக்கல் முடிவதற்கு முன்பே முதல் கோரிக்கையை அனுப்பிவிட அது அனுமதிக்கிறது. நேரம் மிச்சம். ஆனால் வழியில் ஒட்டுக்கேட்பவர் அந்தத் தொடக்கத் தரவைப் பிரதியெடுத்து மறுபடி அனுப்ப முடியும், அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும். ஆகவே தொடக்கத் தரவாகப் பாதுகாப்பான மெத்தட்களை மட்டுமே அனுப்ப வேண்டும் என்று ஆர்எஃப்சி 8470 வரையறுத்தது. சர்வருக்குச் சந்தேகம் இருந்தால் 425 (மிக முன்கூட்டியே வந்துவிட்டது) என்று திருப்பி அனுப்பலாம், பிரவுசர் கைகுலுக்கல் முடிந்த பிறகு மறுபடி கேட்கும்.

இவற்றைக் கண்ணால் பார்க்க ஒரு பிற்பகல் போதும். பாக்கெட்டுகளைக் காட்டும் மென்பொருளான வயர்ஷார்க்கைத் திறந்து ஏஆர்பி, ஐசிஎம்பி பதிப்பு 6, டிஎன்எஸ், டிசிபி நான்கையும் வடிகட்டி வையுங்கள். நிர்வாகி உரிமையோடு நெய்பர் அட்டவணையை அழித்துவிட்டு, கர்ல் கட்டளையால் ஒரு பக்கத்தைக் கேளுங்கள். முதலில் கேட்வேக்கான தேடல், பிறகு பெயருக்கான டிஎன்எஸ் கேள்வி, பிறகு டிசிபி, பிறகு குறியாக்கம் என்ற வரிசை அப்படியே தெரியும். அடுத்து உங்கள் கணினியிலேயே ஒரு சிறிய சர்வர் எழுதி, போஸ்ட் வந்ததும் ஒரு எண்ணைக் கூட்டிவிட்டு, பதில் அனுப்பாமல் இணைப்பை அறுக்கச் செய்யுங்கள். கேட்டவருக்குக் கிடைப்பது பிழை, சர்வரில் எண்ணோ கூடியிருக்கும். அதே வேலையைப் புட்டால் "எண் 5 ஆக இருக்கட்டும்" என்று எழுதி, அறுந்தவுடன் மறுபடி அனுப்பும் ஒரு சுற்றைச் சேர்த்துப் பாருங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கணினியை அதே நெட்வொர்க்கில் பிங் செய்துவிட்டு, அதன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அட்டவணையில் அந்தப் பதிவு ரீச்சபிளிலிருந்து ஸ்டேலுக்கும், மறுபடி பிங் செய்ததும் டிலேக்கும், 5 நொடி கழித்து ப்ரோப்புக்கும் போகும். நேரான கேள்வி ஒரு நொடி இடைவெளியில் மூன்று முறை போய், பதில் இல்லாமல் ஃபெயில்ட் என்று மாறுவதையும் பார்க்கலாம்.